ஒன்ராறியோவில் பிரசவம்: குழந்தை பிறந்தபின் முதல் மூன்று மாதத்துக்கு யாரை நம்புவது?

கரு உறுதியான சில வாரங்களிலேயே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்டனிலும் இருக்கிற தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். அம்மாவுக்கு விசா போடுவதா, மாமியாரைக் கூப்பிடுவதா, கணவன் லீவு போட்டு இருவருமாகச் சமாளிப்பதா, காசு கொடுத்து ஆள் வைப்பதா, பேசாமல் ஊருக்கே போய்ப் பெற்றுக்கொண்டு வருவதா?

யார் வருவது என்பதை மட்டும் பேசி முடிவெடுக்கிற வீடுகளில்தான் பிறகு சிக்கல் வருகிறது. எந்த வாரத்தில் என்ன வேலை விழும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதல் பத்து நாளில் தேவைப்படுவது மருத்துவக் கண்: இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், தையல், குழந்தையின் மஞ்சள் காமாலை, எடை. இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை சமையல், துணி துவைத்தல், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பல பெண்களிடம் வெளியே தெரியவருவது அதற்கும் பிறகு, வந்தவர்கள் எல்லாம் போன சமயத்தில். வழக்கமாக நடப்பது என்ன? அம்மா இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிடுவார். கணவனும் அதே நாளில் லீவு போடுவார். சித்தி, அத்தை எல்லோரும் முதல் வாரத்திலேயே சட்டியும் பானையுமாக வந்து நிற்பார்கள். உதவி முழுவதும் முதல் மாதத்தில் குவிந்து, இரண்டாம் மாதத்தில் வற்றிவிடும். ஆகவே கீழே உள்ள வழிகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பார்ப்பதைவிட, எதை எந்த வாரத்தில் வைப்பது என்று பார்ப்பதே எங்கள் பரிந்துரை.

மிட்வைஃபா, மகப்பேறு மருத்துவரா

பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி யார் வருவார் என்பதை இந்தத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. அதனால் இதை முதலில் வைக்கிறோம். பலர் இதைப் பிரசவ நாளுக்கான தேர்வாக மட்டுமே நினைக்கிறார்கள்.

சுகப்பிரசவம் என்றால் மருத்துவமனையில் ஏறக்குறைய 24 மணி நேரம், சிசேரியன் என்றால் ஏறக்குறைய 48 மணி நேரம்தான் வைத்திருப்பார்கள். சிக்கல் இருந்தால் கூடும். மகப்பேறு மருத்துவரிடம் பார்த்தவருக்கு அடுத்த சந்திப்பு பெரும்பாலும் ஆறாவது வாரத்தில். இடையில் குழந்தையைக் குடும்ப மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ சில நாளுக்குள் காட்டச் சொல்வார்கள். குழந்தையைப் பார்ப்பார்கள், தாயைப் பார்ப்பவர் யாருமில்லை. குடும்ப மருத்துவரே கிடைக்காத புதுக் குடியேறிகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

மிட்வைஃப் என்றால் கதை வேறு. ஒன்ராறியோவில் இது 1994 முதல் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவத் தொழில். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து, மருத்துவமனையிலும் பிரசவம் பார்க்க உரிமம் பெற்றவர்கள். ஊர்ப்பக்கத்து மருத்துவச்சியை மனதில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வாரத்தில் பெரும்பாலும் மூன்று முறை வீட்டுக்கே வந்து தாயையும் குழந்தையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தப் பரிசோதனை, எடை, காமாலை அளவு, தையல், பால் கொடுக்கும் முறை எல்லாம் அங்கேயே முடியும். பிறகு ஆறு வாரம் வரை அவர்களுடைய கிளினிக்கில் தொடரும். இரவு இரண்டு மணிக்கும் அழைக்க ஓர் எண் தருவார்கள்.

கட்டணம் கிடையாது. ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை இல்லாதவரும் ஒன்ராறியோவில் வசிப்பவர் என்றால் மிட்வைஃபின் கவனிப்பு இலவசம்தான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலுக்கும், மயக்க மருந்து நிபுணருக்கும், அறுவை சிகிச்சைக்கும் ஓஹிப் இல்லாதவருக்குத் தனித்தனியாக பில் வரும். இதை முன்கூட்டியே மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை அனுமதியில் இருப்பவருக்கு ஓஹிப் கிடைக்க, ஒன்ராறியோவில் உள்ள ஒரு முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதத்துக்கு முழுநேர வேலை இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு மாணவர் என்ற தகுதியில் ஓஹிப் இல்லை. பல்கலைக்கழகக் காப்பீடான யூஹிப் பிரசவத்துக்கு எவ்வளவு தரும் என்று கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

மிட்வைஃப் வழியின் குறைகளும் உண்டு. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்த வாரமே கிளினிக்கை அழைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து அழைத்தால் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியல்தான். டைப் 1 சர்க்கரை, இரட்டைக் குழந்தை போன்ற அதிக ஆபத்துள்ள கர்ப்பங்களை மகப்பேறு மருத்துவர்தான் நடத்துவார். மிட்வைஃப், மருத்துவர் இருவரையும் ஒரே சமயத்தில் முதன்மையாக வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் கடைசி நேரத்தில் சிசேரியன் ஆனாலும், அறுவையை மருத்துவர் செய்வார், வீட்டுக்கு வந்து பார்ப்பது பெரும்பாலும் மிட்வைஃபாகவே இருக்கும். உடம்பில் சிக்கல் இல்லாத புதுக் குடியேறிப் பெண்ணுக்கு, அதுவும் குடும்ப மருத்துவர் இல்லாதவருக்கு, நாங்கள் தயங்காமல் சொல்வது மிட்வைஃப்.

மருத்துவர் வழியில் போனவர்களுக்கு ஒரு சின்ன ஈடு இருக்கிறது. ஆரோக்கியக் குழந்தைகள் திட்டம் என்ற பெயரில் பொதுச் சுகாதாரத் துறையின் தாதி, வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பேசுவார். தேவைப்பட்டால் வீட்டுக்கும் வருவார். இதற்கு மருத்துவமனையிலேயே ஒரு கேள்வித்தாளை நிரப்பிச் சம்மதம் கேட்பார்கள். அரசாங்கம் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது அந்த வேலை இல்லை. சம்மதியுங்கள், அந்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள்.

அம்மாவை வரவழைப்பது

பத்தியம் தெரிந்த கை, தாய்மொழியில் ஆறுதல், நள்ளிரவில் குழந்தையை வாங்கித் தோளில் போட ஒருவர். இதற்கு நிகரான சேவையை எந்த நாட்டிலும் விலைக்கு வாங்க முடியாது. பார்வையாளராக வந்த தாய் தன் மகளின் குழந்தையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வதைக் குடிவரவுத் துறை வேலையாகக் கருதுவதில்லை. அதனால் விமான நிலையத்தில் ‘எதற்கு வந்தீர்கள்’ என்று கேட்டால் உண்மையையே சொல்லலாம். ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பத்து கிலோ மருந்துச் சாமான் வைத்திருப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கும்.

விசிட்டர் விசாவா, நீண்ட காலம் தங்கவிடும் சூப்பர் விசாவா என்பது உங்கள் அந்தஸ்தைப் பொறுத்தது. சூப்பர் விசாவுக்கு அழைப்பவர் குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தர வதிவுரிமை) வைத்திருக்க வேண்டும். குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்ச வருமானம், அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஓராண்டுக்கு ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு ஆகியவையும் வேண்டும். 2022 ஜூலைக்குப் பிறகு ஒருமுறை உள்ளே வந்தால் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். வேலை அனுமதியில் இருக்கிற தம்பதிக்கு இந்தக் கதவு திறக்காது, விசிட்டர் விசாதான். அதில் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம், விண்ணப்பக் கட்டணம் 100 டாலர், கைரேகைக்கு 85. அக்காவையோ சித்தியையோ அழைக்கவும் விசிட்டர் விசாவே வழி, ஏனென்றால் சூப்பர் விசா பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும்.

ஒரு பிரசவத்துக்கு ஆறு மாதம் தாராளம். அதற்காக மட்டும் சூப்பர் விசாவின் காகித வேலையையும் காப்பீட்டுச் செலவையும் சுமக்க வேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் அடிக்கடி வந்துபோவார்கள் என்றால் அது வேறு கணக்கு. விசிட்டர் விசா மறுக்கப்படும்போது எழுதப்படுகிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தங்கும் காலம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே பிரசவத் தேதி எழுதிய மருத்துவர் அல்லது மிட்வைஃப் கடிதம், ஊரில் உள்ள வீடு நிலப் பத்திரம், ஓய்வூதியச் சான்று, அப்பா ஊரிலேயே இருக்கிறார் என்றால் அதையும் சேர்த்து வையுங்கள். ஐந்தாம் மாதத்திலேயே விண்ணப்பித்தால் ஒருமுறை மறுத்தாலும் திரும்பப் போட நேரம் இருக்கும்.

விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சுவலி என்று ஓர் இரவு மருத்துவமனையில் படுத்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றிய விதி. பிரஷர், சர்க்கரை இருந்தால் அது குறிப்பிட்ட காலம், பல பாலிசிகளில் 90 அல்லது 180 நாள், மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன் ‘எதற்கும் டாக்டரைப் பார்த்துவிடு’ என்று அனுப்பி, அவர் மாத்திரை அளவை மாற்றிவிட்டால் அந்த நோய்க்கான காப்பீடு போயிற்று. அளவைக் குறைத்தாலும் மாற்றம்தான். பரிசோதனையை, பாலிசி கேட்கும் அந்தக் காலத்துக்கும் முன்பே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவா, மாமியாரா? இதற்குச் சட்டம் இல்லை. தையல் வலிக்கிறது, மூலம் வந்துவிட்டது, பால் கட்டிக்கொண்டது, குழந்தையைப் பார்த்தால் பாசமே வரவில்லை என்று அந்தப் பெண் யாரிடம் வாய்விட்டுச் சொல்வாரோ அவர்தான் வர வேண்டும். மாமியாரிடம் அதைச் சொல்லக்கூடிய பெண்களும் இருக்கிறார்கள். தீர்மானிக்க வேண்டியவர் கணவன் அல்ல.

வந்தபின் எதில் பிசகுகிறது

பத்தியச் சமையலில் பெரும்பகுதி நல்ல சாப்பாடு. பூண்டு, மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் அரைத்த சரக்குக் கறியாலும் பூண்டுக் குழம்பாலும் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. இடறுவது நாலைந்து இடத்தில்தான்.

பால் சுரக்க என்று தருகிற சுறாப் புட்டு, சுறா வறை. சுறாவில் பாதரசம் அதிகம் சேரும். பாலூட்டும் பெண்கள் சுறாவை மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது கனடாச் சுகாதாரத் துறையின் அறிவுரை. ஒரு வேளை வறையிலேயே அந்த அளவு முடிந்துவிடும். சாளையும் கானாங்கெளுத்தியும் போன்ற சிறிய மீன்களில் அந்தச் சிக்கல் இல்லை.

லேகியம். நாட்டு மருந்துகள் சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இருந்ததாக அரசின் எச்சரிக்கைகள் பலமுறை வந்திருக்கின்றன. என்ன சேர்த்தார்கள் என்று எழுதாத டப்பாவைத் தவிருங்கள். வீட்டில் சுக்கு, மிளகு, ஓமம் போட்டுக் கிண்டியது என்றாலும் அதில் வெல்லமும் நெய்யும் நிறைய. கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்ணுக்கு அது ஏற்றதல்ல. குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதும் கண்ணுக்கு மை இடுவதும் வேண்டாம். நாக்கில் தேன் தடவுவது கட்டாயம் கூடாது: ஒரு வயதுக்குள் தேன் பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றத்தை உண்டாக்கலாம்.

தண்ணீர் குறைக்கச் சொல்வது, வயிறு பெருக்கும் என்ற நம்பிக்கையில். பால் கொடுப்பவர் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும், தையலுள்ளவருக்கு அது நரகம். முப்பத்தொரு நாள் துடக்கு என்று அறையிலேயே படுக்க வைப்பதில் இன்னொரு ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் எளிதில் உறையும், நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தக் கட்டி உருவாக வழி. வீட்டுக்குள் தினம் பலமுறை நடந்தாலே போதும்.

சாம்பிராணி, கரி அடுப்பு. கொண்டோவில் புகை உணரி அலறினால் கட்டடம் முழுவதும் இறங்கி நிற்கும், அது சிரிப்போடு போய்விடும். சன்னல் சாத்திய குளிர்கால வீட்டில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் மகள் சொன்னால் ‘நாங்க பெத்து வளர்க்கலையா’ என்று முடிந்துவிடும். மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் வாயால் சொல்ல வைப்பது நன்றாக வேலை செய்கிறது. அம்மா வருவதற்கு முன் ஊரிலேயே கக்குவான் தடுப்பு அடங்கிய டீடேப் ஊசி போட்டுக்கொள்வதும் நல்லது. கர்ப்பிணிக்கு அதே ஊசியை 27 முதல் 32 வாரத்துக்குள் போடுவார்கள்.

இன்னொன்று. குளிர்காலத்தில் வந்திறங்கி, கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளில்லாமல், நாள் முழுக்க அடுக்களையில் நிற்கிற அம்மாவும் மூன்றாம் வாரத்தில் சோர்ந்துவிடுவார். அவருக்கும் வாரத்தில் ஒரு பகல் ஓய்வு எழுதி வையுங்கள்.

கணவனின் ஐந்து வாரம்

இ.ஐ. என்ற மத்திய அரசின் வேலைக் காப்பீடு தரும் பெற்றோர் உதவித்தொகையில் வழக்கமான திட்டத்தில் மொத்தம் 40 வாரம். அதில் ஒருவர் அதிகபட்சம் 35 வாரம்தான் எடுக்கலாம். மிச்ச ஐந்து வாரம் மற்றவருக்கு, எடுக்காவிட்டால் வீண். தமிழ்க் குடும்பங்கள் பெரிதாகக் கோட்டைவிடுவது இதைத்தான். பெற்ற தாய்க்கு மட்டும் உரிய 15 வாரம் தனி. தொகை சராசரி வாரச் சம்பளத்தில் 55 விழுக்காடு, 2025-இல் உச்ச வரம்பு வாரம் 695 டாலர். வாரம் 1,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 550, அதற்கும் வரி உண்டு. நீண்ட திட்டத்தில் மொத்தம் 69 வாரம், ஆனால் 33 விழுக்காடுதான். முதல் பெற்றோர் தொகை வந்துவிட்டால் திட்டத்தை மாற்ற முடியாது.

இந்தத் தொகை பெற, விண்ணப்பத்துக்கு முந்தைய 52 வாரத்தில் 600 மணி நேரம் காப்பீட்டுக்குரிய வேலை இருக்க வேண்டும். கையில் காசு வாங்கிய வேலை கணக்கில் வராது. புதிதாக வந்த மனைவிக்கு அந்த 600 மணி இல்லாமல் போவது சாதாரணம். அப்போது கணவனுக்குத் தகுதி இருந்தால் 35 வாரம்வரை அவரே எடுக்கலாம். இதைப் பலர் அறியாமல், மனைவிக்குக் கிடைக்காது என்றதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். வேலைப் பாதுகாப்பு தனி: விடுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 13 வாரம் முன்பே அந்த வேலையில் சேர்ந்திருந்தால், இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் சொல்லிப் பெற்றோர் விடுப்பில் போகலாம். விடுப்பை ஒரே தொடர்ச்சியாகத்தான் எடுக்க வேண்டும், துண்டு துண்டாக எடுக்க முதலாளி ஒத்துக்கொண்டால்தான் உண்டு.

அம்மாவும் வருகிறார், கணவனுக்கும் ஐந்து வாரம் இருக்கிறது என்றால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் பத்து நாளுக்குக் கணவனின் வருடாந்தர விடுமுறையைப் பயன்படுத்தலாம். அந்த நாட்களில் கார் ஓட்டவும், ஆங்கிலத்தில் பேசவும், மருத்துவமனைக்கு ஓடவும் வேண்டியிருக்கும், அதை அம்மாவால் செய்ய முடியாது. அம்மா முதல் வாரத்திலேயே இருந்தால் கணவனின் ஐந்து வாரத்தை அம்மா ஊர் திரும்பும் நாளிலிருந்து வையுங்கள். அல்லது கணவன் முதலில் ஐந்து வாரம் எடுத்து, அம்மா நான்காம் வாரத்தில் வந்து சேரட்டும். இரண்டாவது ஏற்பாட்டில் ஒரு கூடுதல் இலாபம்: கணவன் டயப்பர் மாற்றவும் குழந்தையைத் தூங்க வைக்கவும் பழகிவிடுவார். அம்மா முதல் நாளே வந்துவிட்டால் பல வீடுகளில் அது நடப்பதேயில்லை. ஆனால் முதல் பிரசவம், சிசேரியன் என்று தெரிந்தே போகிறவர்களுக்கு நாங்கள் முதலாவதைத்தான் சொல்வோம்.

காசு கொடுத்து வாங்கும் உதவி

பிரசவத்துக்குப் பின் உதவும் டூலா வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பார், பால் கொடுக்க உதவுவார், இலேசாகச் சமைப்பார். ஓஹிப் தராது, மணிக்கணக்கில் நீங்களே கொடுக்க வேண்டும். சில வேலையிடக் காப்பீடுகளில் சுகாதாரச் செலவுக் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஒன்ராறியோவில் டூலா சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் இல்லை என்பதால், முன்பு உதவி பெற்ற இருவரிடமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள். மருத்துவப் பரிசோதனை அவர் வேலை அல்ல.

பணம் குறைவாக இருந்தால் டூலாவைவிடப் பயன் தருவது சாப்பாடு. வீட்டிலிருந்தே பத்தியச் சாப்பாடு செய்து தருபவர்கள் ஸ்காபரோ பக்கம் உண்டு. முதல் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை மட்டும் அப்படி வாங்கினாலே சுமை பாதி இறங்கும். பால் கொடுப்பதில் சிக்கல் என்றால் தனியார் ஆலோசகருக்குப் போகும் முன் பொதுச் சுகாதாரத் துறையின் தாய்ப்பால் உதவியைக் கேளுங்கள், அது இலவசம்.

ஊருக்குப் போய்ப் பெறுவது

மனசுக்கு இதமான யோசனை, காகிதத்தில் ஆபத்தானது. பி.ஆர். வைத்திருக்கும் தம்பதிக்கு ஊரில் பிறக்கிற குழந்தைக்குத் தானாக பி.ஆர். வராது. தனியாக ஸ்பான்சர் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் பிரிந்திருக்க நேரலாம். பெற்றோரில் ஒருவர் இங்கே குடியுரிமை பெற்றவர் என்றால் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு, ஆனாலும் சான்றிதழ் வரும்வரை காத்திருப்பு. பல விமான நிறுவனங்கள் 36 வாரத்துக்குப் பிறகு ஏற்ற மாட்டா, அதற்கு முன்பே மருத்துவர் கடிதம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

இங்கே பெற்று, ஆறு வாரச் சோதனையை முடித்துவிட்டுக் குழந்தையோடு ஊர் போய் இரண்டு மூன்று மாதம் இருந்துவருவது எவ்வளவோ மேல். இ.ஐ. மகப்பேறு, பெற்றோர் தொகையைக் கனடாவுக்கு வெளியிலிருந்தும் பெறலாம், அதை வழங்கும் சர்விஸ் கனடா அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால் போதும். ஓஹிப் நிலைக்க எந்த 12 மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் எடுக்கிற நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

எந்த வழியில் போனாலும் விட்டுவிடக் கூடாதவை

தாய்க்கு: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்துபோவது, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டி, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வலி, மூச்சுத் திணறல், விடாத தலைவலியோடு கண் மங்குவது. கடைசியாகச் சொன்னது இரத்த அழுத்தத்தால் வருவது. கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம்வரை வரலாம். ‘பனி இறங்கிவிட்டது’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் கருவி இருந்தால் 140/90 காட்டினாலே அழையுங்கள், 160/110 என்றால் நேராக அவசரப் பிரிவு. சந்தேகம் என்றால் 811, இரவு பகல் எந்நேரமும் தாதி பேசுவார். தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

குழந்தைக்கு: ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டுவது வைத்தியம் இல்லை, இரத்தத்தில் அளவு பார்த்து, கூடினால் மருத்துவமனை விளக்குதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு தினம் 400 அலகு.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள் ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு இந்தச் சர்க்கரை அதிகம் வருகிறது, சோதனையோ அதிகம் தவறிப்போகிறது. மிட்வைஃபும் மகப்பேறு மருத்துவரும் ஆறு வாரத்தில் கைகழுவி விடுவார்கள், அடுத்து யார் எழுதித்தருவது என்ற குழப்பத்தில் நாள் போய்விடும். ஆறாம் வாரச் சந்திப்பிலேயே சோதனைச் சீட்டைக் கையில் வாங்கிவிடுங்கள்.

மனசைப் பற்றி. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு, தானாக அடங்கும். அதற்கு மேல் நீண்டால் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாளைக் கொடுப்பார்கள், அது தமிழிலும் இருக்கிறது. 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் என்றால் உதவி கட்டாயம் தேவை. பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ தவிர வேறு எந்தப் பதிலும் அன்றே பேசப்பட வேண்டியது. அந்தத் தாளை மாமியாரோ கணவனோ மொழிபெயர்த்துச் சொல்லும்போது நிரப்பக் கூடாது. மருத்துவமனையில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நம் பெண்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அபூர்வம். உடம்பு பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்பார்கள். தாதி அதை உடம்புக் கோளாறாக எடுத்துக்கொள்வார். ‘எப்போதிலிருந்து இப்படி, அழுகை வருகிறதா’ என்று உடனிருப்பவர் கேட்க வேண்டும். தூக்கமே தேவைப்படாதவர்போல் பரபரப்பாக இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 911. தற்கொலை எண்ணத்துக்கு 988.

உதவி என்றால் ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஒன்ராறியோவில் மனச்சோர்வு ஆபத்து அதிகமுள்ள 701 தாய்மாரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், அதே அனுபவத்தைக் கடந்து வந்த இன்னொரு தாய் தொலைபேசியில் தொடர்ந்து பேசினார். பன்னிரண்டாம் வாரத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 14 விழுக்காட்டினரிடமும், பேசப்படாதவர்களில் 25 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆகவே அம்மாவின் விசா மறுக்கப்பட்டுவிட்டால் முதலில் தேட வேண்டியது, ஓரிரு வருடம் முன் இங்கேயே பிள்ளை பெற்ற ஒரு தமிழ்ப் பெண். வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்தில் அவர் அழைக்கட்டும், நீங்கள் அழைக்கத் தேவையில்லாதபடி.

அகதிக் கோரிக்கையில் இருக்கிறவர்கள், கணவனும் அம்மாவும் இல்லாமல் தனியாகப் பெறுகிறவர்கள் ஆகியோருக்கு மேலே சொன்ன தேர்வுகளில் பாதி கிடையாது. கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பிரசவத்தையும் மருத்துவமனையையும் ஏற்கும். மருத்துவமனையில் அந்தத் திட்டத்துக்கான தாளைக் காட்டினால் போதும், தனிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாமல் அங்குள்ள சமூகப் பணியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்தில் சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 எண்ணை அழைத்து அருகிலுள்ள சமூக சுகாதார நிலையத்தின் பெயரை வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள், ஓஹிப் இல்லாதவரையும் அங்கே பார்ப்பார்கள். ஆரோக்கியக் குழந்தைகள் திட்டத்தில் பிரசவத்துக்கு முன்பே சேரலாம், தாதி கர்ப்பத்திலேயே வரத் தொடங்குவார். வீடு திரும்பும் நாளில் யார் கூட்டிப்போவது, குழந்தையின் கார் இருக்கைக்கு என்ன செய்வது என்பதை அவரிடம் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.